சட்டம் அச்சேறிய கதை – 9: எண்ணெய்த் துணியில் சுற்றிய சட்டங்கள்

சென்ற இதழில் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் 1648ஆம் ஆண்டுச் சட்டப் புத்தகத்தைப் பார்த்தோம். அன்று அச்சானவை 600 பிரதிகள். இன்று உலகில் எஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று, கலிபோர்னியாவின் ஹண்டிங்டன் நூலகத்தில் இருக்கிறது. அறுநூறில் ஒன்றுதான் தப்பியது என்றால், ஒரே ஒரு கையெழுத்துச் சுவடியாக மட்டும் இருந்த சட்டங்களின் கதி என்னவாகியிருக்கும்? அதைத் தெரிந்துகொள்ள வர்ஜீனியாவுக்குப் போக வேண்டும். வடக்கே மாசசூசெட்ஸ் தன் சட்டத்தை அச்சிட்டு ஊர்ஊராகக் கொடுத்த அதே நூற்றாண்டில், வர்ஜீனியாவில் சட்டத்தை அச்சிட்டார்கள் என்பதற்காகவே ஓர் அச்சகத்தின் வாயை அடைத்தார்கள்.

வர்ஜீனியாவின் சட்டமன்றம் பழமையானது. 1619 ஜூலை 30 அன்று ஜேம்ஸ்டவுன் தேவாலயத்தில் முதன்முறையாகக் கூடியது. அன்று தொடங்கி அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே இயற்றப்பட்ட சட்டங்கள் பெரும்பாலும் கையெழுத்தில்தான் புழங்கின. எழுத்தர் படியெடுப்பார்; படிகள் கவுண்டி நீதிமன்றங்களுக்குப் போகும்; அங்கே கூடியவர்கள் காதுபட ஒருவர் உரக்க வாசிப்பார். அதற்குப் பிறகு அந்தச் சட்டம் எல்லாருக்கும் தெரிந்ததாகக் கணக்கு. படியெடுத்தவர் ஒரு வரியை விட்டிருந்தால் அந்தக் கவுண்டியில் அந்த வரி இல்லாத சட்டம்தான் சட்டம். வாசிப்பு நாளன்று வயலில் இருந்தவனுக்கு அதுவும் இல்லை.

இந்த நிலை சிலருக்கு வசதியாகவே இருந்தது. 1671இல் லண்டனிலிருந்து ஆளுநர் வில்லியம் பெர்க்லிக்கு ஒரு கேள்விப் பட்டியல் வந்தது. குடியேற்றத்தின் நிலை பற்றி ஒவ்வொன்றாகப் பதில் எழுதிய அவர், தம் ஆட்சிப் பகுதியில் இலவசப் பள்ளியும் அச்சகமும் இல்லாததற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னார். இன்னும் ஒரு நூறு ஆண்டுக்கு அவை வராமலிருக்கட்டும் என்றும் விரும்பினார். படிப்பு கீழ்ப்படியாமையைக் கொண்டுவரும், அச்சு அதைப் பரப்பும் என்பது அவர் எண்ணம்.

பதினோரு ஆண்டுகள் கழித்து அந்த அச்சகம் வந்தே விட்டது. கிளாஸ்டர் கவுண்டியில் ஜான் பக்னர் என்ற வணிகர் இருந்தார், நிலபுலன் உள்ளவர். வில்லியம் நட்ஹெட் என்ற அச்சுத் தொழிலாளியையும் ஓர் அச்சு இயந்திரத்தையும் அவர் கொண்டுவந்து வைத்தார். அவர்கள் முதலில் எடுத்துக்கொண்ட வேலை எது தெரியுமா? 1680 ஜூனில் கூடிய சட்டமன்றத்தின் சட்டங்கள். அரசை ஏசிய துண்டறிக்கையும் இல்லை, மதச் சண்டையைக் கிளப்பும் நூலும் இல்லை. மக்களை ஆள்வதற்கென்று மக்கள் பிரதிநிதிகள் கூடி இயற்றிய சட்டங்கள்.

1683 பிப்ரவரி 21 அன்று (பழைய ஆங்கிலக் கணக்கில் ஆண்டு இன்னும் 1682) ஆளுநர் கல்பெப்பர் பிரபுவும் அவருடைய ஆலோசனைச் சபையும் பக்னரை அழைத்து விசாரித்தார்கள். குற்றம், ஆளுநரின் உரிமம் பெறாமல் சட்டங்களை அச்சிட்டது. மன்னரின் விருப்பம் என்னவென்று தெரியும்வரை இனி எதையும் அச்சிடுவதில்லை என்று பக்னரும் நட்ஹெட்டும் 100 பவுன் பிணைப்பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. லண்டனிலிருந்து மன்னரின் விருப்பம் வந்து சேர்ந்தபோது அதில் விதிவிலக்கே இல்லை. அடுத்த ஆளுநர் எஃபிங்ஹாம் பிரபு கையோடு கொண்டுவந்த கட்டளைப்படி, எந்த நிமித்தத்துக்காகவும் வர்ஜீனியாவில் யாரும் அச்சு இயந்திரம் நடத்தக் கூடாது.

நட்ஹெட் மூட்டை கட்டிக்கொண்டு பக்கத்துக் குடியேற்றமான மேரிலாந்துக்குப் போனார். வர்ஜீனியா விரட்டிய அதே மனிதரை மேரிலாந்து அரசு தன் அச்சு வேலைக்கு வைத்துக்கொண்டது. 1695இல் அவர் இறந்ததும் மனைவி டைனா அச்சகத்தை அனாபொலிஸ் நகருக்கு மாற்றி, முறைப்படி உரிமம் கேட்டு வாங்கி நடத்தினார். அமெரிக்கக் குடியேற்றங்களில் அச்சக உரிமம் பெற்ற முதல் பெண் அவர். அந்த உரிமத்துக்கான பிணைப்பத்திரத்தில் அவர் கையெழுத்துப் போடவில்லை. குறிதான் இட்டார், எழுதத் தெரியாது. வெற்றுப் படிவங்கள் அச்சிடும் அந்த அச்சகத்தை எழுதத் தெரியாத பெண் ஏற்று நடத்தியதை நினைக்கும்போது, படித்த கனவான்கள் நிரம்பிய வர்ஜீனியா சபை அதே இயந்திரத்தைக் கண்டு அஞ்சியது எவ்வளவு பெரிய இழப்பு என்று உறைக்கிறது.

இழப்பு நாற்பத்தேழு ஆண்டுகள் நீடித்தது. இடையில் லண்டனில் ஜான் பர்விஸ் என்பவர் 1684 வாக்கில் வர்ஜீனியச் சட்டங்களைத் தொகுத்து அச்சிட்டார். பிழை மலிந்த பதிப்பு. ஆனாலும் நீதிமன்றங்களில் அதை வைத்துக்கொண்டு காலம் தள்ளினார்கள். 1730இல்தான் வில்லியம் பார்க்ஸ் வில்லியம்ஸ்பர்க் நகரில் அச்சகம் திறந்தார், இம்முறை அரசின் ஆதரவோடு. 1733இல் நடைமுறையிலிருந்த சட்டங்கள் அனைத்தையும் ஒரே தொகுப்பாக வெளியிட்டார். அதன் பிறகு வர்ஜீனியாவில் சட்டம் அச்சாவது வழக்கமாயிற்று.

பிரச்சினை அதோடு தீர்ந்ததா என்றால் இல்லை. நடைமுறையிலிருக்கும் சட்டங்களை அச்சிட்டவர்கள், வழக்கொழிந்த சட்டங்களைச் சுவடியிலேயே விட்டுவிட்டார்கள். காலாவதியான சட்டம் யாருக்கு வேண்டும் என்று தோன்றலாம். நிலத் தகராறு உள்ள குடும்பத்தைக் கேட்டால் பதில் தெரியும். 1660இல் ஒரு பாட்டனுக்குக் கிடைத்த நிலத்தின் உரிமை செல்லுமா செல்லாதா என்பதை 1660இல் இருந்த சட்டம்தான் தீர்மானிக்கும். அது எங்கோ ஒரு எழுத்தர் அலுவலகத்தில் கரையான் அரிக்கக் கிடந்தால் வழக்கே அந்தரத்தில் தொங்கும்.

இந்த இடத்தில் வருகிறார் தாமஸ் ஜெபர்சன். அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை எழுதியவர், மூன்றாம் குடியரசுத் தலைவர் என்று நாம் அறிந்த ஜெபர்சன், இளமையில் ஜார்ஜ் வித் என்ற பெரும் வழக்கறிஞரிடம் சட்டம் பயின்றவர். வர்ஜீனியாவின் பழைய சட்டங்கள் எந்த ஓர் இடத்திலும் முழுமையாக இல்லை என்பதைக் கண்டவர் தேடத் தொடங்கினார். வர்ஜீனிய அரசியல் தலைவர் பெய்டன் ராண்டால்ப் இறந்தபின் அவருடைய நூலகத்தை வாங்கினார். அதற்குள் சில சுவடிகள் இருந்தன. இன்னொரு வர்ஜீனியத் தலைவரான ரிச்சர்ட் பிளாண்டின் தொகுப்பிலிருந்து சில வந்தன. ஒரு சுவடி ஒரு சாலையோர விடுதியில் கழிவுத் தாளாகக் கிடந்தது. நூல் சுற்றி வைப்பதற்கென்று அதில் பல தாள்களை ஏற்கெனவே வெட்டி எடுத்துவிட்டிருந்தார்கள். அங்கே ஒருவர் பார்த்து மீட்டதால் மிச்சம் பிழைத்தது. ஒரு நாட்டின் சட்டம் நூல்கண்டு சுற்றப் போன கதை இது.

1781 ஜனவரியில் பெனடிக்ட் ஆர்னால்டின் தலைமையில் ஆங்கிலேயப் படை ரிச்மண்டுக்குள் புகுந்தபோது அரசு ஆவணங்கள் பல அழிந்தன. ஜெபர்சன்தான் அப்போது ஆளுநர். ஒரே இடத்தில் ஒரே பிரதியாக வைத்திருப்பது எவ்வளவு ஆபத்து என்பதை அவர் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

பத்தாண்டு கழித்து, 1791 பிப்ரவரியில், பழைய அரசு ஆவணங்களைத் தொகுத்துக்கொண்டிருந்த எபனீசர் ஹசர்டுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். போனது போகட்டும், இருப்பதைக் காப்போம். பெட்டகமும் பூட்டும் போட்டு மக்கள் கண்ணில் படாமல் அடைத்து வைத்துக் காக்க முடியாது, எந்த விபத்தும் எட்ட முடியாத அளவுக்குப் பிரதிகளைப் பெருக்குவதே வழி என்பது அதன் சாரம். ஆவணக் காப்பு பற்றி இதைவிடத் தெளிவான ஒரு கருத்தை நான் படித்ததில்லை. பாதுகாப்பு என்றாலே பூட்டு என்று நினைக்கும் அலுவலகங்கள் இன்றும் இருக்கின்றன. அந்த நினைப்பின் ஆணிவேரையே இந்தக் கடிதம் அசைக்கிறது.

வர்ஜீனியா சட்டமன்றம் நிலம் தொடர்பான பழைய சட்டங்களைத் தொகுக்க முனைந்தபோது, அந்தப் பொறுப்பு பழைய ஆசான் ஜார்ஜ் வித்திடம் வந்தது. ஜெபர்சன் தம்மிடமிருந்த அச்சுச் சட்டங்களைப் பெட்டியில் அடைத்து அனுப்பினார். கூடவே 1796 ஜனவரி 16 தேதியிட்ட ஒரு நீண்ட கடிதம். கையெழுத்துச் சுவடிகளை அனுப்பத் துணியவில்லை என்பதற்குக் காரணம் சொல்கிறார். அவற்றில் சில அவ்வளவு மக்கிப்போயிருந்தன. ஒரு தாளைத் திருப்பினால் பொடியாக உதிரும். காற்றும் ஈரமும் உள்ளே போகாதபடி எண்ணெய்த் துணியில் சுற்றித் தைத்து வைத்திருந்தார். தைத்த சுவடியை யாரும் படிக்க முடியாது என்பதும் அவருக்குத் தெரியும். ஆகவே நிலச் சட்டங்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம், எல்லாச் சட்டங்களையும் அரசே அச்சிட வேண்டும் என்று வாதாடினார். பண்டைய நூல்களில் எத்தனை கையெழுத்துச் சுவடியாக இருந்தவரை அழிந்தன, அச்சு வந்தபின் அப்படி ஏதாவது அழிந்ததுண்டா என்று கேட்டார்.

அந்த வேலையைக் கடைசியில் தலைமேல் போட்டுக்கொண்டவர் வில்லியம் வாலர் ஹெனிங் என்ற வழக்கறிஞர். ஜெபர்சன் குடியரசுத் தலைவராக இருந்த நாட்களிலேயே தம் சுவடிகளை அவருக்குத் திறந்துவிட்டார். 1808இல் சட்டமன்றம் ஒப்புதல் அளித்தது. 1809இல் முதல் தொகுதி. 1823இல் பதின்மூன்றாம் தொகுதி. 1619 முதல் 1792 வரை வர்ஜீனியா இயற்றிய சட்டங்கள், வழக்கிலிருந்தவை, ஒழிந்தவை எல்லாம் ஒன்றுவிடாமல் தேடப்பட்டன. சுவடிகளுக்கிடையே வேறுபாடு இருந்தால் ஹெனிங் அதை அடிக்குறிப்பில் காட்டினார். ஆளுநர் பெர்க்லி கடவுளுக்கு நன்றி சொன்ன அந்தப் பதிலும், பக்னரை விசாரித்த குறிப்பும் ஹெனிங்கின் இரண்டாம் தொகுதியில் இன்று நமக்குக் கிடைக்கின்றன.

ஒழிந்த சட்டத்தையும் அச்சிட்டதன் அருமை இன்னொரு விதத்தில் பெரிது. அடிமைத்தனம் வர்ஜீனியாவில் எப்படி வந்தது? வழக்கமாக வந்தது, மெல்ல மெல்ல வந்தது என்றெல்லாம் பின்னாளில் மழுப்ப முடியாதபடி, ஒவ்வொரு படியும் தேதியோடு அந்தத் தொகுதிகளில் இருக்கிறது. தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை என்று 1662இல் ஒரு சட்டம். அடிமைகள் குறித்த விதிகளை ஒன்றாகத் திரட்டி இறுக்கியது 1705இன் நீண்ட சட்டம். ஹெனிங்கும் ஜெபர்சனும் அடிமைச் சமூகத்தில் வாழ்ந்தவர்கள். ஜெபர்சன் நூற்றுக்கணக்கானவர்களை அடிமையாக வைத்திருந்தவர். நிலவுடைமைக்காகக் காப்பாற்றிய அதே ஏடுகள் அவர்கள் காலத்துக் கொடுமைக்கும் சாட்சியாக நிற்கின்றன. வேண்டியதை மட்டும் அச்சிட்டிருந்தால் இந்தச் சாட்சி கிடைத்திருக்காது.

1865 ஏப்ரலில், உள்நாட்டுப் போரின் கடைசி நாட்களில், ரிச்மண்ட் பற்றி எரிந்தது. போருக்குப் பயந்து பல கவுண்டிகள் பத்திரமாக இருக்கட்டும் என்று தலைநகருக்கு அனுப்பியிருந்த பதிவேடுகள் அந்தத் தீயில் போயின. ஹெனிங்கின் தொகுதிகளோ அதற்குள் நாடெங்கும் நூலகங்களில் பரவியிருந்தன.

சட்டத்தை அச்சிட வேண்டும் என்பது இப்படி நிலைபெற்றது. அடுத்த கேள்வி, அச்சிட்டது யாருடைய சொத்து? பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க அமெரிக்க மாநிலங்கள் இந்த வேலையைத் தனியார் அச்சகங்களுக்கு ஒப்பந்தம் கொடுத்தன. அரசிடம் பணம் குறைவு. பதிப்பாளர் செலவை ஏற்றார், பதிலுக்குத் தனியுரிமை கேட்டார். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைத் தொகுத்த ஹென்றி வீட்டன், தமக்குப் பின் வந்த ரிச்சர்ட் பீட்டர்ஸ் தம் தொகுதிகளைச் சுருக்கி மலிவு விலையில் வெளியிட்டார் என்று வழக்குத் தொடுத்தார். 1834இல் நீதிமன்றம், நீதிபதிகள் எழுதிய தீர்ப்பின்மேல் எந்தத் தொகுப்பாளருக்கும் பதிப்புரிமை இருக்க முடியாது என்றது. 1888இல் ஒஹையோ மாநிலத் தீர்ப்புகள் குறித்த வழக்கில் அதுவே உறுதியானது. நீதிபதி அரசுப் பணியாக எழுதும் எதுவும் எல்லாருக்கும் உரியது. அதே ஆண்டு இல்லினாய் வழக்கொன்றில், நீதிபதியாக இல்லாத தொகுப்பாளர் தானே எழுதும் குறிப்புகளுக்கு உரிமை உண்டு என்று ஒரு கதவு திறந்து வைக்கப்பட்டது. அந்தக் கதவு வழியாகத்தான் நூறாண்டு கழித்து ஜார்ஜியா மாநிலம் நுழைந்தது.

ஜார்ஜியாவின் அதிகாரபூர்வச் சட்டக்கோவை குறிப்புரையோடு கூடியது. ஒவ்வொரு பிரிவுக்கும் கீழே, அந்தப் பிரிவு பற்றி எந்த நீதிமன்றம் என்ன சொன்னது, அரசுத் தலைமை வழக்கறிஞரின் கருத்து என்ன என்ற குறிப்புகள் வரும். குறிப்புகளை எழுதுவது லெக்சிஸ்நெக்சிஸ் குழுமம். எழுத வைத்து மேற்பார்ப்பது சட்டமன்ற உறுப்பினர்களே பெரும்பான்மையாக உள்ள சட்டக்கோவைத் திருத்த ஆணையம். பதிப்புரிமை மாநிலத்துக்கு, விற்கும் உரிமை நிறுவனத்துக்கு என்பது அன்றைய ஏற்பாடு. முழுத் தொகுதியின் விலைக்கு உச்சவரம்பு இருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருந்தபோது அது 412 டாலர். குறிப்புரை இல்லாத வெறும் சட்டப் பாடம் இணையத்தில் இலவசம்.

2013இல் பப்ளிக் ரிசோர்ஸ் என்ற அமைப்பை நடத்தும் கார்ல் மாலமுட் அந்த 186 தொகுதிகளையும் வாங்கி, ஒவ்வொரு பக்கமாக ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றினார். பென் டிரைவில் பதிந்து ஜார்ஜியா சட்டமன்ற அவைத் தலைவருக்கும் அனுப்பிவைத்தார். நிறுத்துங்கள் என்று மாநிலம் கடிதம் எழுதியது. அவர் நிறுத்தவில்லை. 2015 ஜூலையில் மாநிலம் வழக்குப் போட்டது; அவர் செய்வது ஒருவகைப் பயங்கரவாத உத்தி என்றும் மனுவில் எழுதியது. சட்டத்தைப் படியெடுத்தவரை ஓர் அரசு இவ்வளவு கடுமையான சொல்லால் சாடுவதைப் படித்தபோது எனக்கு 1683ஆம் ஆண்டுதான் நினைவுக்கு வந்தது.

மாவட்ட நீதிமன்றத்தில் 2017இல் மாநிலம் வென்றது. 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டியது. 2020 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற மயிரிழைப் பெரும்பான்மையில் மாலமுட் பக்கம் தீர்ப்பளித்தது. தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸின் வாதம் நேரானது. ஆணையம் சட்டமன்றத்தின் கை. சட்டமன்றம் தன் பணியாக எழுதியது எதுவானாலும், அது சட்டப் பிரிவோ குறிப்புரையோ, அதற்குப் பதிப்புரிமை கிடையாது. இலவசப் பாடத்தை மட்டும் படிக்கும் குடிமகன், நீதிமன்றம் எப்போதோ செல்லாது என்று அறிவித்துவிட்ட பிரிவைக்கூட இன்னும் உயிரோடிருக்கும் சட்டம் என்று நம்பி நடப்பான். காசு கொடுத்தவனுக்கே உண்மை தெரியும் என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார்.

மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி கிளாரன்ஸ் தாமஸின் கவலையையும் ஒதுக்கிவிட முடியாது. இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அப்போது இதே மாதிரி ஏற்பாட்டை நம்பியிருந்தன. தனியுரிமை போனால் குறிப்புரை தயாரிக்கும் செலவு வரிசெலுத்துவோர் தலையில் விழும், அல்லது குறிப்புரையே நின்றுபோகும் என்றார் அவர். செலவு உண்மைதான். ஆனால் சட்டத்தை மக்களுக்குச் சொல்வது அரசின் முதல் செலவுகளில் ஒன்று என்றே நான் கருதுகிறேன். தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது என்று குடிமகனிடம் கறாராக இருக்கும் அரசு, தெரிவிக்கும் பொறுப்பை விற்பனையாளரிடம் விடுவது நியாயமாகாது.

இந்த மாலமுட் நமக்கும் அறிமுகமானவர். இந்திய தரநிலை ஆவணங்களை இணையத்தில் ஏற்றியவர். தொலைத்தொடர்பு வல்லுநர் சாம் பிட்ரோடாவோடு சேர்ந்து 2018இல் ‘கோட் ஸ்வராஜ்’ என்ற நூலை வெளியிட்டவர். பிட்ரோடா வழியாகவும் காந்தியின் எழுத்துகள் வழியாகவும் அவர் இந்தியாவுக்கு வந்த கதை தனி அத்தியாயத்துக்கு உரியது.

இப்போது மாநிலங்கள் ஒவ்வொன்றாகக் காகிதத்தை விட்டு விலகுகின்றன. அச்சுத் தொகுதி இல்லாமல் இணையத்தில் மட்டும் சட்டம் இருந்தால், நேற்றுப் பார்த்த பக்கம் இன்று மாறவில்லை என்பதற்கு யார் சாட்சி? இதற்காக 2011இல் அமெரிக்க ஒருமைச் சட்ட ஆணையம் ஒரு மாதிரிச் சட்டத்தை எழுதியது. மின்வடிவமே அதிகாரபூர்வமானது என்று ஒரு மாநிலம் அறிவித்தால், அது உண்மையான பாடம்தான் என்று எவரும் சரிபார்க்க வழி இருக்க வேண்டும். பழைய பாடங்களையும் காத்து வைக்க வேண்டும். மக்கள் என்றென்றும் பார்க்கும்படி இருக்க வேண்டும். 2012இல் கொலராடோ முதலில் ஏற்றது. இன்று இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் ஏற்றிருக்கின்றன. மற்ற மாநிலங்களில் அந்தக் கடமை இன்னும் எழுத்தில் ஏறவில்லை.

சட்டத்தின் பாடம் கிடைத்துவிட்டாலும், அதை இயற்றியபோது அவையில் யார் என்ன பேசினார்கள் என்பது வேறு ஆவணம். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றின் அவைக் குறிப்பேட்டில் தீர்மானமும் வாக்கு எண்ணிக்கையும் மட்டுமே இருக்கும், பேச்சு இருக்காது. மெயின், பென்சில்வேனியா போன்ற சில மாநிலங்கள் பேச்சைச் சொல்லுக்குச் சொல் அச்சிட்டன. ஏன் சிலர் மட்டும் அப்படிச் செய்தார்கள், மற்றவர்கள் ஏன் விட்டார்கள் என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)